நெட்டீட்டியும் மஸ்கெட்டும்: 17ஆம் நூற்றாண்டுப் படையை மேசைமேல் நிறுத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முப்பதாண்டுப் போர் (1618–1648), இங்கிலாந்து உள்நாட்டுப் போர் (1642–1651) காலத்துப் படைகளைக் குட்டி உருவங்களாகச் சேர்த்து, பெயின்ட் அடித்து, மேசைமேல் நிறுத்திப் பகடை உருட்டி ஆடுகிற ஆள் நான். புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசி ஒரே பொருளைச் சுற்றியே வருகின்றன: அந்த நீளக் கழி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"பைக்" என்கிறீர்களே, ஓட்டுகிற பைக்கா?

தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து, என்ன செய்வது! "நூறு பைக் வந்து சேர்ந்துவிட்டது" என்று ஒரு நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். "ஷோரூம் எப்போது திறப்பு?" என்று பதில் வந்தது. அதிலிருந்து நெட்டீட்டி என்றே எழுதுகிறேன். அதைப் பிடிப்பவரை ஈட்டிக்காரர் என்பேன். வட்டிப் பணத்துக்கு வாசலில் வந்து உட்காரும் ஈட்டிக்காரர் வேறு.

நெட்டீட்டியின் நீளம் 16 முதல் 18 அடி. 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் தன் புதிய மாதிரிப் படைக்கு வாங்கியவை 16 அடி. நம் வீட்டுக் கூரையின் உயரம் 10 அடி என்றால், தரையில் ஊன்றிய ஈட்டி மொட்டைமாடிக்கு மேல் இன்னும் 6 அடி நீட்டிக்கொண்டிருக்கும். கழி ஆஷ் மரம். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே மரம்தான். நேராகப் பிளக்கும், வளையும், சட்டென்று ஒடியாது. நுனியில் சின்ன இரும்பு முனை. அந்த முனையிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் கழியின் இருபக்கமும் இறங்கி ஆணியால் பிணைத்திருக்கும். எதிரி வாளால் வெட்டித் தலையைத் துண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காக.

எடை இரண்டரைக் கிலோ அளவில்தான். ஆனால் எடையைப் பார்த்து ஏமாறக் கூடாது. வீட்டில் ஒட்டடைக்கொம்பு இருந்தால் அதன் அடிமுனையைப் பிடித்துத் தோளுயரத்தில் கிடையாக நீட்டிப் பாருங்கள். அரை நிமிடத்தில் நுனி தலை கவிழும், நடுங்கத் தொடங்கும், உங்கள் மணிக்கட்டு கெஞ்சும். நெட்டீட்டி அதைப் போல இரண்டு மடங்கு நீளம். பக்கத்தில் நிற்பவனும் அதையே செய்கிறான், பின்னாலிருப்பவனின் முனை உங்கள் காதோரம் ஆடுகிறது, எதிரே குதிரை வருகிறது.

துப்பாக்கி வந்துவிட்ட பிறகு ஈட்டி எதற்கு?

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்க் கேள்வி.

அந்தக் காலத்து மஸ்கெட் பெரும்பாலும் திரித் துப்பாக்கி. மருந்து கொட்ட வேண்டும், குண்டு போட வேண்டும், கோலால் இடிக்க வேண்டும், கிண்ணியில் பொடி மருந்து வைக்க வேண்டும், எரிகிற திரியை ஊதிக் கவ்வியில் செருக வேண்டும். இவ்வளவையும் முடித்து நிமிடத்துக்கு ஒரு முறை சுட்டால் நல்ல தேர்ச்சி. மழை வந்தால் அதுவும் கிடையாது. குதிரைப்படை கடைசி நூறு மீட்டரைக் கடக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஆக, ஒருமுறை சுட்ட மஸ்கெட்காரர் அடுத்த குண்டு போடும் வரை வெறும் தடி பிடித்த ஆள். அந்த இடைவெளியில் அவரைக் காப்பாற்ற யாராவது வேண்டும். அதற்குத்தான் ஈட்டிக்காரர்.

நெட்டீட்டியின் வேலை கொல்வது இல்லை, கிட்டே வரவிடாமல் வைத்திருப்பது. வேலியில் முள் கட்டுகிறோம், எத்தனை மாட்டைக் குத்தியது என்று கணக்குப் பார்ப்பதில்லை, பயிர் மிச்சமிருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கீழே ஆட்ட விதிகள் பற்றி நான் சொல்லும் குறைகளெல்லாம் இந்த ஒரு விஷயத்தை மறந்ததால் வருபவை.

குதிரைப்படையை நிஜமாகவே நிறுத்த முடிந்ததா?

முடிந்தது, அணி கலையாத வரை.

நின்ற விதத்தைப் பாருங்கள். ஹாலந்துக்காரர் ஜேக்கப் டி கெய்ன் 1607இல் வெளியிட்ட ஆயுதப் பயிற்சிப் படப் புத்தகத்தில் நெட்டீட்டிக்கு மட்டும் 32 நிலைகள் வரையப்பட்டிருக்கின்றன. அவற்றில் குதிரையை எதிர்கொள்ளும் நிலை இப்படி: ஈட்டியின் அடிமுனையைத் தரையில் வைத்து வலது பாதத்தால் அணைகொடுக்கிறான். இடது காலை முன்னே வைத்து முழங்காலை மடக்குகிறான். இடது கை ஈட்டியை முழங்கால் அருகே பிடித்திருக்கிறது, முனை குதிரையின் மார்புக்கு நேராக. வலது கை காலியாகிவிட்டது அல்லவா, அது இடுப்புக்குக் குறுக்கே போய் வாளை உருவுகிறது. தாக்குதலின் வேகத்தை வாங்குவது தரைதான், ஆளின் தோள் இல்லை. குதிரையும் முட்டாள் இல்லை. முனைகள் வரிசையாகத் தெரிந்தால் திரும்பிக்கொள்ளும்.

1643 செப்டம்பர் 20, இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் முதல் நியூபரிப் போர். பெரும்பாலும் கடைக்காரர்களும் கைத்தொழிலாளரும் அவர்களிடம் வேலை பழகுகிற பையன்களுமாக இருந்த நாடாளுமன்றத் தரப்பு லண்டன் ஊர்க்காவல் படை, அரசர் தரப்பு இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படையை ஈட்டி பிடித்தே தடுத்தது. மறு ஆண்டு மார்ஸ்டன் மூரில் (1644 ஜூலை 2) நடந்தது இன்னும் பாடம் சொல்வது. அரசர் தரப்புத் தளபதி நியூகாசிலின் காலாட்படையான வெள்ளைச் சட்டைக்காரர்கள் வேலியடைத்த ஓரிடத்தில் ஒதுங்கி, வந்த குதிரைகளையெல்லாம் ஈட்டியால் தள்ளிவைத்தார்கள். அப்புறம் ட்ரகூன்கள், அதாவது குதிரையில் வந்து இறங்கிச் சுடுகிறவர்கள், கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் தூரத்தில் நின்று சுட்டு வரிசையில் ஓட்டை போட்ட பிறகுதான் குதிரைப்படை உள்ளே நுழைய முடிந்தது. தப்பியவர்கள் மிகச் சிலர்.

அணி கலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைய லாட்வியாவில் நடந்த கிர்க்ஹோம் போர், 1605. போலந்து–லிதுவேனியாவின் தளபதி கோட்கிவிச்சிடம் சுமார் 3,600 பேர், ஸ்வீடனிடம் சுமார் 11,000 பேர். கோட்கிவிச் பின்வாங்குவதுபோல் நடித்தார், ஸ்வீடன்காரர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள், வரிசை தளர்ந்தது, சிறகு கட்டிய ஹுஸார் குதிரைப்படை மோதியது. ஹுஸாரின் கோப்பியா என்ற ஈட்டி உள்ளே குடைந்து எடை குறைத்தது, கிட்டத்தட்ட நெட்டீட்டியின் நீளமே இருக்கும். எதிரியின் கையிலும் அதே நீளம் என்றால், ஒழுங்கு குலைந்த கூட்டத்துக்குத் தன் நீளத்தால் என்ன பயன்?

ஈட்டிக்காரரும் ஈட்டிக்காரரும் மோதினால்?

ஆங்கிலேயர் இதை "ஈட்டித் தள்ளல்" என்றார்கள். பெயரே சொல்கிறது, தள்ளு முள்ளு. இரண்டு கூட்டமும் ஈட்டியைத் தோளுயரத்தில் கிடையாகப் பிடித்து நெருங்கும். முன்வரிசைக்காரர்கள் கவசமும் இரும்புத் தொப்பியும் போட்டிருப்பார்கள். முனைகள் கவசத்தில் வழுக்கும், கழிகள் பின்னிக்கொள்ளும், பின்வரிசை முதுகில் சாயும். யாருக்கு மனம் முதலில் தளர்கிறதோ அவர்கள் பின்வாங்குவார்கள். சாவு பெரும்பாலும் தள்ளும்போது விழுவதில்லை, திரும்பி ஓடும்போது விழுவது.

நீளத்தில் ஓரடி கூடுதல் இருந்தாலும் இங்கே லாபம். 1646 ஜூன் 5 அன்று அயர்லாந்தின் பென்பர்ப்பில் ஓவன் ரோ ஓநீலின் ஆட்கள் ஸ்காட்லாந்துப் படையை நொறுக்கியபோது, ஐரிஷ் ஈட்டிகள் ஓரடி இரண்டடி நீளம் கூட என்பது தோற்ற தரப்பே சொன்ன காரணங்களில் ஒன்று.

இவ்வளவு லாபம் என்றால் ஏன் வெட்டிச் சுருக்கினார்கள்?

ஏனென்றால் போர் ஒரு நாள், நடை முந்நூறு நாள். 16 அடிக் கழியைத் தோளில் போட்டுச் சேற்றிலும் மரத்தடியிலும் நடந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். கிளையில் மாட்டும், காற்றில் இழுக்கும், திரும்பினால் பின்னால் வருபவன் மூக்கில் இடிக்கும். அதிகாரி பார்க்காத நேரத்தில் அடியிலிருந்து ஓரடி, இரண்டடி அறுத்துவிடுவார்கள். இதைக் கண்டித்து அன்றைய தளபதிகள் எழுதியிருக்கிறார்கள், கண்டித்தும் நிற்கவில்லை. காட்டுப் பாதையில் முனைப்பக்கத்தைக் கையில் பிடித்து, அடியைத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பதும் உண்டு. அதற்கும் பயிற்சியில் ஒரு நிலை இருக்கிறது.

மேசைமேல் ஆடுகிற நாமும் பெட்டிக்குள் போகவில்லை என்று கட்டர் எடுத்து நறுக்குகிறோமே, அதே கதைதான்.

ஒரு படையில் எத்தனை ஈட்டி, எத்தனை துப்பாக்கி?

காலத்தைப் பொறுத்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிக்குப் பாதி. 1640களில் ஒரு ஈட்டிக்கு இரண்டு மஸ்கெட். 1680களில் ஒன்றுக்கு மூன்று, நான்கு என்று போய்விட்டது.

ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். துப்பாக்கிச் சூட்டின் நாயகன் என்று கொண்டாடப்படும் ஸ்வீடன் மன்னர் குஸ்டாவஸ் அடால்பஸின் களப்பிரிவில் 504 பேர் என்றால் 216 பேர் ஈட்டிக்காரர்கள், 288 பேர் மஸ்கெட்காரர்கள். அதாவது நாற்பது சதவீதத்துக்கு மேல் ஈட்டி. அவர் ஈட்டியை ஒழிக்கவில்லை, அதைத் தாக்கவும் பயன்படுத்தினார். புதிய மாதிரிப் படையின் ரெஜிமென்ட்டில் ஏட்டளவில் 1,200 பேர், மூன்றில் ஒரு பங்கு ஈட்டி.

டெர்சியோ என்றால் பெரிய சதுரக் கூட்டம்தானே?

படத்தில் பார்த்தது, இல்லையா? நடுவில் ஈட்டிக் காடு, நான்கு மூலையிலும் துப்பாக்கிக்காரர் கூட்டம். ஸ்பெயினின் டெர்சியோ 1530களில் உருவான நிர்வாகப் பிரிவு. ஏட்டில் 3,000 பேர், களத்தில் அதில் பாதி தேறினால் அதிர்ஷ்டம். முப்பதாண்டுப் போருக்குள் அந்த மாபெரும் சதுரம் பெரும்பாலும் மெலிந்து, அகலமான, ஆழம் குறைந்த அணியாகிவிட்டது. டச்சுக்காரர்கள் பத்து வரிசை, ஸ்வீடன்காரர்கள் ஆறு வரிசை. ஸ்பெயின் மட்டும் அசையாமல் பழைய காலத்திலேயே நின்றது என்பது எதிரிகள் எழுதிய கதையின் மிச்சம்.

1643 மே 19, ரொக்ருவா. பிரெஞ்சுத் தளபதி ஆங்கியென் கோமகனுக்கு 21 வயது. மற்றவர்கள் ஓடிய பின்னும் ஸ்பானியக் காலாட்படை நின்று பல தாக்குதல்களைத் திருப்பி அனுப்பியது. அவர்களை அசைக்கப் பீரங்கி தேவைப்பட்டது. தோற்ற போர்தான், ஆனால் நெட்டீட்டியைப் பழைய இரும்பு என்று சொல்வதற்கு இது சாட்சி ஆகாது.

இதே காலத்தில் நமக்குப் பழக்கமான பெயர் ஒன்றும் வருகிறது. 1626இல் ஜெர்மனியின் லுட்டரில் டில்லி என்ற தளபதியிடம் அடிவாங்கிய டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் ஆட்கள்தான் 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடிக் கோட்டையைத் தொடங்கியவர்கள்.

ஹால்பர்ட், பார்ட்டிசான், பார்டிச்... இவையெல்லாம் யார் கையில்?

இந்தப் பெயர்களில் பாதிக்குமேல் படைவீரனுடைய ஆயுதம் இல்லை, பதவி அடையாளம்.

ஹால்பர்ட் என்பது ஒரு கழியில் கோடரி, எதிர்ப்பக்கம் கொக்கி, மேலே முனை மூன்றும் சேர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்துக்காரர் கையில் அது உண்மையான கொலைக்கருவி. 1477இல் நான்சியில் பர்கண்டிக் கோமகன் சார்லஸின் மண்டையைப் பிளந்தது ஹால்பர்ட் என்பார்கள். 17ஆம் நூற்றாண்டிலோ அது சார்ஜென்ட் கைக்குப் போய்விட்டது. வரிசையை நேராக்க, மஸ்கெட் முனைகளைத் தட்டி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர, "இங்கே நில்" என்று காட்ட. பிரிட்டிஷ் சார்ஜென்ட்கள் 1792 வரை அதை விடவில்லை. கசையடி கொடுக்க வேண்டியவனைக் கட்டுவதற்கும் ஹால்பர்ட்களையே முக்கோணமாகக் கட்டி நிறுத்தினார்கள். வாத்தியார் பிரம்பு மாதிரி ஒரு கௌரவம்!

பார்ட்டிசான் அகலமான இருபுறக் கூர் இலை, அடியில் இரண்டு சின்னச் சிறகு. லெப்டினன்ட் போன்ற அதிகாரிகளும் மெய்க்காவலரும் பிடித்தது. அலங்காரம் என்று அலட்சியம் வேண்டாம். 1634 பிப்ரவரி 25 இரவு, இன்று செப் எனப்படும் ஏகர் நகரில், புனித ரோமப் பேரரசின் மாபெரும் தளபதி வாலன்ஸ்டைனின் படுக்கையறைக் கதவை உடைத்து நுழைந்த கேப்டன் டெவரோ கையில் இருந்தது பார்ட்டிசான்தான். இரவுச் சட்டையோடு நின்றவரின் மார்பில் ஒரே குத்து.

பார்டிச் ஸ்த்ரெல்த்ஸிகள் எனப்பட்ட ரஷ்யத் துப்பாக்கிப் படையினரின் நீண்ட பிறைக் கோடரி. அதைத் தரையில் நட்டு மேலே துப்பாக்கியைச் சாய்த்துச் சுடலாம். ஒரே பொருளில் இரண்டு வேலை, எனக்கு மிகவும் பிடித்தது.

இதோடு, ஆயுதம் கிடைக்காதவன் கை ஆயுதம். 1626இல் மேல் ஆஸ்திரியாவின் விவசாயிகள் ஸ்டீபன் ஃபாடிங்கர் தலைமையில் எழுந்தபோதும், 1685இல் செட்ஜ்மூரில் மன்மத் கோமகன் பின்னால் நின்றவர்களிடமும் புல்லறுக்கும் நீள் அரிவாளை நிமிர்த்திக் கழியில் கட்டிய ஆயுதம் இருந்தது. உருவம் செய்பவர்களுக்கு இது நல்ல தீனி.

நெட்டீட்டி எப்போது ஒழிந்தது?

பயனெட் வந்து அதை மெதுவாகத் தின்றது. முதலில் வந்தது துப்பாக்கிக் குழாய்க்குள் ஆப்புபோல் செருகுகிற கத்தி. செருகிவிட்டால் சுட முடியாது. 1689 ஜூலை 27 கில்லிக்ராங்கியில் மெக்கேயின் அரசுப் படை ஒருமுறை சுட்டுவிட்டுக் கத்தியைச் செருகுவதற்குள் ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் வாளோடு மேலே விழுந்துவிட்டார்கள். அதன்பின் குழாயைச் சுற்றி வளையமாக மாட்டும் பயனெட் பரவியதும், ஒவ்வொரு துப்பாக்கிக்காரனும் தன் ஈட்டியைத் தானே வைத்துக்கொண்டான். பிரான்ஸ் 1703இல் நெட்டீட்டியைக் கைவிட்டது, இங்கிலாந்தும் அதே காலத்தில். ஸ்வீடன் மட்டும் பன்னிரண்டாம் சார்லஸின் காலத்திலும், 1709 பொல்தாவா போர் வரைக்கும், அதைத் தாண்டியும், காலாட்படையில் மூன்றில் ஒரு பங்கை ஈட்டியோடு ஓடவிட்டது.

சரி, உருவங்களுக்கு வருவோம். ஈட்டி எத்தனை நீளம் இருக்க வேண்டும்?

வாய்ப்பாடு எளிது. உருவத்தின் அளவை மூன்றால் பெருக்குங்கள். 28 மி.மீ. உருவத்துக்கு 84 மி.மீ., 15க்கு 45, 10க்கு 30, 6க்கு 18. இந்த அளவுகள் பாதத்திலிருந்து கண் வரைக்குமானவை என்பதால், 16 அடி ஈட்டி ஏறத்தாழ மூன்று மடங்காகவே வருகிறது. கடைகளில் 28க்கு 100 மி.மீ. கம்பிகளாக விற்கிறார்கள், அப்படியே ஒட்டினால் 18 அடியைத் தாண்டிவிடும். கொஞ்சம் நறுக்கலாம், பாவமில்லை. ஆனால் 60 மி.மீ.க்கு நறுக்கி ஈட்டிக்காரர் என்று சொன்னால், என் கண்ணுக்கு அவர் வேலி மூங்கில் பிடித்த காவலாளி.

எதில் செய்வது?

உருவத்தோடு வரும் பிளாஸ்டிக் ஈட்டி தடித்திருக்கும், பெட்டியில் வளைந்து வளைந்து வெயிலில் வைத்த மெழுகுபோல் ஆகிவிடும். வார்ப்பு உலோகமோ ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்றாவதில் டக்.

முதல் படையில் சிக்கனம் பிடித்துத் தென்னை ஈர்க்குகளைப் பயன்படுத்தினேன். புதுத் துடைப்பத்திலிருந்து தேர்ந்தெடுத்த நாற்பது குச்சி. இயற்கையாகவே நுனி மெலிகிறது, நிறம்கூடக் கழி மாதிரியே. பிரமாதம் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் காய்ந்து, ஒரு ஆட்டத்தின்போது கையின் ஓரம் பட்டதும் ஏழு ஈட்டி ஒரே நேரத்தில் முறிந்தது. எதிராளி அது என் படையின் மனத்தளர்ச்சிக்கான பகடை என்று ஏற்றுக்கொள்ளச் சொன்னார்.

அதன் பிறகு விறைப்பான ஸ்டீல் கம்பிதான். 28க்கு 0.8 அல்லது 1 மி.மீ. கனம், 15க்கு அதைவிட மெலிது, 6க்கு நைலான் பிரஷ் மயிரே போதும். முனை செய்வது இப்படி: கம்பியின் ஒரு நுனியில் 3 மி.மீ. அளவை இரும்புத் துண்டின்மேல் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், இலைபோல் பரவும். இரண்டு பக்கமும் அரத்தால் இழைத்தால் முனை தயார். விறைப்பான கம்பி என்பதால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நறுக்கும்போது துண்டு துள்ளும். உருவத்தின் கையில் துளையில்லை என்றால் விரலால் சுழற்றும் சின்னத் துளைக்கருவியால் போடுங்கள், மின்சாரத் துரப்பணம் விரலையும் கையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஒட்டுவதற்கு இரண்டு குழாய் கலக்கும் எபாக்ஸி. சூப்பர் பசை அவசரத்துக்கு நல்லது, அதிர்ச்சிக்கு நல்லதில்லை. கடற்கரை ஊரில் இருந்தால் ப்ரைமரும் வார்னிஷும் தவிர்க்காதீர்கள், இரண்டு மழைக்காலத்தில் துரு பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

என்ன நிறம்?

சாக்லேட் பழுப்பு வேண்டாம். ஆஷ் மரம் வெளுப்பு, பழகப் பழகச் சாம்பல் கலந்த பழுப்பு. வெளிர் நிறம் அடித்து மெல்லிய பழுப்புக் கரைசலை ஓடவிடுங்கள். முனைக்குக் கீழே இறங்கும் இரும்புப் பட்டையை மறக்காதீர்கள். 28இல் 10 மி.மீ. அளவுக்கு உலோக நிறம் இழுத்துவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கும்போதே ஈட்டி ஈட்டியாகத் தெரியும். ஒரு நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

ஈட்டியை நிமிர்த்தியா, நீட்டியா?

அழகு என்றால் முன்வரிசை நீட்டியது, பின்வரிசை நிமிர்த்தியது. ஆனால் நீட்டிய 84 மி.மீ. ஈட்டி, உருவத்தை ஒட்டிய அடித்தட்டான பேஸைத் தாண்டி 5 செ.மீ. வெளியே நிற்கும். எதிராளியின் பேஸோடு தொடவேண்டிய ஆட்டத்தில் அது அவர் உருவத்தின் முகத்தைச் சுரண்டும், உங்கள் படைக்குள்ளேயே முன்னால் நிற்பவன் முதுகைக் குத்தும். காட்சிப்படுத்த மட்டும் என்றால் நீட்டுங்கள். விளையாட என்றால் நிமிர்த்துங்கள். நான் நிமிர்த்தித்தான் வைக்கிறேன், ஐந்து பாகை பத்து பாகை முன்பின் சாய்த்து. அத்தனையும் நூல் பிடித்ததுபோல் நின்றால் சீப்பு மாதிரி இருக்கும். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் பிரெடா நகரச் சரணடைவை (1625) வரைந்த படத்தைப் பாருங்கள். வலப்பக்கம் ஈட்டிகள் செங்குத்தாக ஒரு சுவர்போல், ஆனால் நடுவில் சில மட்டும் சாய்ந்து. அந்தச் சாய்ந்த சிலவற்றால்தான் மற்றவை நேராகத் தெரிகின்றன.

24 உருவம் வாங்கினால் எப்படிப் பிரிப்பது?

1640களின் இங்கிலாந்து என்றால் 8 ஈட்டி, 16 மஸ்கெட். 1620களின் ஸ்பெயின் என்றால் 12க்கு 12. ஈட்டி நடுவில், மஸ்கெட் இரு பக்கமும். ஒரு சார்ஜென்டுக்கு ஹால்பர்ட், ஒரு அதிகாரிக்குப் பார்ட்டிசான், ஒரு கொடி, ஒரு மேளம். ஹால்பர்ட் பிடித்த ஒரு ரெஜிமென்ட்டையே நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. அது ஒன்றரை நூற்றாண்டு தள்ளிப் பிறந்த படை.

ஆட்ட விதிகளில் நெட்டீட்டி எப்படி இருக்க வேண்டும்?

பல விதிப் புத்தகங்கள் கைகலப்பில் ஈட்டிக்கு இரண்டு பகடை கூடுதல் என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு உடன்பாடில்லை. அப்படிக் கொடுத்தால் ஈட்டிப்படை பாய்ந்து பாய்ந்து கொல்லும் இயந்திரமாகிவிடும், வேலி எழுந்து மாட்டைத் துரத்துவதுபோல. நான் எங்கள் குழுவில் வைத்திருக்கும் ஏற்பாடு இது: அணி குலையாத ஈட்டிப்படையை முன்பக்கமாகக் குதிரைப்படை தாக்க வேண்டுமென்றால் முதலில் துணிவுப் பகடை போட வேண்டும். தவறினால் குறிப்பிட்ட தூரத்தில் நின்றுவிடும், அல்லது திரும்பிவிடும். ஈட்டிப்படை அதற்காக முள்ளம்பன்றிபோல் சுருண்டால் அந்தச் சுற்றில் நகரக் கூடாது, பீரங்கிக்கும் மஸ்கெட்டுக்கும் இரட்டிப்பு இலக்கு. மார்ஸ்டன் மூரில் நடந்தது அப்படியே வந்துவிடும். வேலி, புதர், வீடு நிறைந்த இடத்தில் ஈட்டியின் பயன் எல்லாம் பூஜ்யம்.

சிறு கைகலப்பு ஆட்டத்துக்கு, அதாவது இருபது முப்பது பேர் மாட்டை ஓட்டிவரப் போகிற மாதிரிக் கதைக்கு, நெட்டீட்டியே வேண்டாம். அந்த வேலைக்கு மஸ்கெட்காரர்களைத் தனியாகப் பிரித்து அனுப்புவதுதான் அன்றைய வழக்கமும்.

பெட்டியில் எப்படி வைப்பது?

பேஸ் அடியில் காந்தத் தாள், பெட்டித் தரையில் தகரம். 28க்குக் குறைந்தது 12 செ.மீ. உயரமுள்ள பெட்டி வாங்குங்கள். வாங்குவதற்கு முன் மூடியின் உள்பக்கத்தில் தூக்கிய விளிம்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அளவு நாடாவில் அது தெரியாது. முனைகளை அரத்தால் கடைசியில் ஒருமுறை மழுக்கிவிடுங்கள். எட்டு ஈட்டி ஒட்டிய பேஸை அவசரத்தில் மேலிருந்து அள்ளி எடுக்கிறவர் ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்தான். கட்டைவிரலில் இன்னும் மூன்று புள்ளி இருக்கிறது.